ரெகொபெயாம் கதையைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

#1 · பாறசாலை டீச்சர்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஏப்ரல் மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் பாடம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பத்து முதல் பதின்மூன்று வயது வரை உள்ள பிள்ளைகள். இந்த வருடத் தலைப்பு, ஞானமுள்ள தலைவர்களும் ஞானமில்லாத தலைவர்களும்.

கேரள எல்லையில் இருக்கும் எங்கள் பக்கத்துச் சபைகளை அறிந்தவர்களுக்கு நிலைமை தெரியும். வீட்டிலும் ஆராதனையிலும் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம் அல்லது இங்கிலீஷ். தமிழ் வேதாகமத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள். மனப்பாட வசனத்தை மலையாள எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. ஆகவே நாம் கதையை எப்படிச் சொல்கிறோமோ அதுதான் அவர்கள் மனதில் வேதாகமமாக நிற்கும்.

கையில் இருக்கும் பாடக்குறிப்பு 1 இராஜாக்கள் 12-ஐ இப்படி முடிக்கிறது: சாலொமோன் ஞானி, மகன் ரெகொபெயாம் மூடன், பெரியவர்கள் பேச்சைக் கேட்காததால் ராஜ்யம் உடைந்தது, ஆகவே பிள்ளைகளே, பெரியவர்கள் சொல் கேளுங்கள். அதிகாரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்த பிறகு இதை அப்படியே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்று காரணங்கள் உண்டு.

ரெகொபெயாம் சின்னப் பையன் இல்லை. அவன் ராஜாவானபோது வயது 41 என்று 14-ஆம் அதிகாரம் சொல்கிறது. முதியவர்களை விட்டு அவன் ஆலோசனை கேட்டுக்கொண்ட, அவனோடு வளர்ந்த "வாலிபர்கள்" என்றால் அவர்களும் ஏறக்குறைய அந்த வயதுக்காரர்கள்தான். வயதில் மூத்தவன் இளையவன் என்பதில் கதை முடிந்துவிடுவதில்லை.

அடுத்தது, ரெகொபெயாமை ராஜாவாக்கச் சீகேம் ஊரில் கூடிய ஜனங்கள் கேட்டது என்ன? "உம்முடைய தகப்பன் எங்கள் மேல் பாரமான நுகத்தை வைத்தார், அதைக் குறைத்தால் உமக்கு ஊழியம் செய்வோம்" என்கிறார்கள். அந்த நுகத்தை வைத்தது ஞானி சாலொமோன். பாடக்குறிப்பில் இது ஒரு வரிகூட இல்லை.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். முதியவர்கள் ராஜாவிடம் "எங்களுக்குக் கீழ்ப்படி" என்று சொல்லவில்லை. "இன்று நீர் இந்த ஜனங்களுக்குச் சேவகனாகும்" என்றார்கள். ஆலோசனையின் சாரமே அதுதான். அதை விட்டுவிட்டு "பெரியவர்கள் பேச்சைக் கேள்" என்பதை மட்டும் எடுத்தால், பிள்ளைகள் தலைமையைப் பற்றி ஒன்றும் கற்றுக்கொள்ள மாட்டார்கள், வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் கற்றுக்கொள்வார்கள்.

நுகத்தைச் சுமந்தவர்கள் பக்கம் நின்று இந்தக் கதையைச் சொல்ல விரும்புகிறேன். சாலொமோனைப் பற்றி எவ்வளவு சொல்லலாம்? கூட வேறு எந்தக் கதைகளைச் சேர்க்கலாம்? ஐந்து நாள் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் எழுதுங்கள்.

#2 · மார்த்தாண்டம் வாத்தியார்

டீச்சர் அம்மா, உங்கள் உழைப்பு நல்லது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். இன்றைய பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் சொல் கேட்கும் பழக்கம் ஏற்கெனவே குறைந்துகொண்டு வருகிறது. ஓய்வுநாள் பள்ளியிலும் போய் "ராஜாவை எதிர்த்து ஜனங்கள் எழுந்தது சரி" என்று சொன்னால் நாளைக்கு வீட்டில் என்ன நடக்கும்? முதியோர் ஆலோசனையை அவன் தள்ளினான் என்று வசனமே சொல்கிறது. அதைப் பாடமாக்குவதில் தவறு எங்கே?

சாலொமோனைக் குறைத்துச் சொல்வதும் எனக்குச் சம்மதமில்லை. 9-ஆம் அதிகாரம் 22-ஆம் வசனத்தைப் பாருங்கள். இஸ்ரவேல் புத்திரரில் ஒருவரையும் சாலொமோன் அடிமையாக்கவில்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அந்நிய ஜாதிகளில் மீந்தவர்களைத்தான் அந்த வேலைக்கு வைத்தார். சீகேமில் கூடினவர்கள் யெரொபெயாம் தூண்டிவிட்டதால் மிகைப்படுத்திப் பேசியிருக்கலாம் அல்லவா?

#3 · கொழிஞ்சாம்பாறை மறைக்கல்வி

வாத்தியார் ஐயா, வணக்கம். நான் சித்தூர் தாலுகாவில் கத்தோலிக்கப் பங்கில் மறைக்கல்வி எடுக்கிறவன். நீங்கள் காட்டும் வசனம் உண்டு, மறுக்க முடியாது. ஆனால் அதே புத்தகம் 5-ஆம் அதிகாரத்தில், இஸ்ரவேல் முழுவதிலிருந்தும் 30,000 பேரைச் சாலமோன் வேலைக்கு எடுத்தார் என்று சொல்கிறது. மாதம் 10,000 பேர் வீதம் லெபனோனுக்குப் போனார்கள். ஒரு மாதம் காட்டில், இரண்டு மாதம் வீட்டில். அவர்களுக்கு மேல் ஒரு அதிகாரி இருந்தார். சுமை தூக்குகிறவர்கள் 70,000, மலையில் கல் வெட்டுகிறவர்கள் 80,000 என்பது தனிக் கணக்கு.

அடிமை என்ற நிலை வேறு, முறை வைத்துக் கட்டாய வேலைக்கு எடுப்பது வேறு என்று சொல்லி இரண்டு வசனங்களையும் பொருத்துகிற விளக்கவுரைகள் உண்டு. இருக்கட்டும். ஆனால் வருடத்தில் நாலு மாதம் ஒரு வீட்டில் ஆண் ஆள் இல்லை என்றால் அந்த வீட்டு வயலை யார் உழுதார்கள்? ஜனங்கள் மிகைப்படுத்தவில்லை என்பதற்கு எனக்கு அது போதும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஜனங்களோடு வந்து நின்ற யெரொபெயாம் யார்? யோசேப்பு வம்சத்தாரின் சுமைவேலைக்கு மேற்பார்வையாளராகச் சாலமோனே நியமித்த ஆள். நுகம் எவ்வளவு கனம் என்பது அவனுக்கு உள்ளிருந்தே தெரியும்.

#4 · மூணாறு கொழுந்து

டீச்சர் அக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் தேயிலை எஸ்டேட் சபை. இங்கே நுகம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு விளக்க வேண்டிய அவசியம் வராது. அம்மா கொழுந்து எடுத்து, நிறைபோட்டு, லயத்து வரிசை வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருகிறாள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

பெரிய பிள்ளைகளுக்கு இந்த அதிகாரத்தை எடுத்தபோது 2015 செப்டம்பரைப் பற்றி அவர்களே பேச ஆரம்பித்தார்கள். நடந்தபோது பலருக்கு விவரம் தெரியாத வயது, ஆனாலும் வீட்டில் கேட்டுக் கேட்டுத் தெரியும். போனஸைக் குறைத்ததும் தோட்டத்துப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்கள். 20 சதவீத போனஸ் வேண்டும், நாள்கூலி 232 ரூபாயை 500 ஆக்க வேண்டும் என்று கேட்டார்கள். பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்று பெயர் வந்தது அப்போதுதான். தங்கள் பெயரில் பேசிக்கொண்டிருந்த சங்கத் தலைவர்களையே கிட்டே வரவிடவில்லை. ஒன்பது நாள் கழித்து போனஸ் விஷயம் முடிந்தது. கூலி பிறகு 301 ஆனது.

நான் கம்பெனி சரியா, சங்கம் சரியா என்ற பேச்சுக்கே போகவில்லை. "சீகேமில் ஜனங்கள் ராஜாவை எதிர்க்க வந்தார்களா, கேட்க வந்தார்களா?" என்று மட்டும் கேட்டேன். ஒரு பெண்பிள்ளை சொன்னாள், "கேட்கத்தான் வந்தாங்க டீச்சர், குறைச்சா வேலை செய்யறோம்னுதானே சொன்னாங்க." வாத்தியார் ஐயாவுக்கு என் பதிலும் இதுதான். அவர்கள் முதலில் கலகம் செய்யவில்லை. அவனை ராஜாவாக்கத்தான் சீகேமுக்கு வந்தார்கள். முதல் வசனமே அதுதான்.

#5 · மார்த்தாண்டம் வாத்தியார்

மூணாறு மகளுக்கு: நீ சொன்ன முதல் வசனம் சரி. ஆனால் வேலைநிறுத்தத்தை வேதபாட வகுப்புக்குள் கொண்டுவருவது எனக்கு நெருடுகிறது. ஒரே சபையில் சங்கத்துக்காரரும் இருப்பார், சூப்பர்வைசரும் இருப்பார். இரண்டு பேர் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.

இருந்தாலும் நுகம் என்பதை நம் ஊர்ச் சரித்திரத்தில் காட்ட வேண்டுமென்றால் அவ்வளவு தூரம் போக வேண்டாம். பழைய திருவிதாங்கூரில் எளிய சாதிக்காரரான நம் முன்னோர் சர்க்காருக்குக் கூலியில்லாமல் ஊழியம் செய்தார்கள். சுமை தூக்க வேண்டும், மரம் இழுக்க வேண்டும், கேட்ட நேரத்துக்குப் போக வேண்டும். தலைக்கு வரியும் கட்ட வேண்டும். மிஷனரி ரிங்கல்தௌபே 1806-இல் மயிலாடிக்கு வந்த காலம் அது. பிறகு மன்றோ ஆங்கிலேயரின் பிரதிநிதியாக, ரெசிடென்டாக இருந்தபோது கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊழியத்திலிருந்து விலக்கு கிடைத்தது. அந்த ஒரு நாளின் அருமை நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. 1855-இல் அடிமை முறை ஒழிந்தது, 1859-இல் தோள்சீலைக்கு, அதாவது நம் பெண்கள் மேலாடை போட, அரசாணை வந்தது. லெபனோன் காட்டுக்குப் போன 30,000 பேரைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லலாம். எல்லைக்கு இரண்டு பக்கமும் உள்ள சபைகளுக்குப் பொதுவான சரித்திரம், ஒருவரும் கோபித்துக்கொள்ள இடமில்லை.

முதியோர் ஆலோசனையைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.

#6 · பாறசாலை டீச்சர்

ஐயா, மிகவும் நன்றி. பாறசாலையில் இதைச் சொன்னால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாட்டி தாத்தா நினைவுக்கு வருவார்கள். நிச்சயம் சேர்க்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். முதியோர் ஆலோசனை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அவர்கள் சொன்னதை முழுதாகச் சொல்வோம் என்கிறேன். சாலொமோனுக்கு முன்பாக நின்றவர்கள் என்று அந்த முதியவர்களை வசனம் அடையாளம் காட்டுகிறது. அதாவது நுகம் ஏறிய காலம் முழுவதும் அரண்மனையில் இருந்தவர்கள். அவர்களே இப்போது "சேவகனாகும்" என்கிறார்கள். எவ்வளவு பார்த்திருந்தால் அந்தச் சொல் அவர்கள் வாயில் வந்திருக்கும்! இதைப் பிள்ளைகளிடம் மறைத்தால் அந்த முதியவர்களுக்கே மரியாதை இல்லை.

சாலொமோனைப் பற்றி இப்படி யோசிக்கிறேன். கிபியோனில் அவர் தேவனிடம் கேட்டது, ஜனங்களை நியாயம் விசாரிக்க ஞானமுள்ள இருதயம். இரண்டு தாய்மார், ஒரு குழந்தை கதையில் அந்த இருதயம் நன்றாகவே தெரிகிறது. ராஜாவின் முன்னால் நிற்கவே வழியில்லாத இரண்டு பெண்கள் நின்று பேசுகிறார்கள், ராஜா கேட்கிறார். அதை முதல் நாள் முழு மனதோடு சொல்வேன். அப்புறம் வருகிறது கணக்கு. ஆலயம் கட்ட ஏழு வருடம், தன் அரண்மனை கட்டப் பதின்மூன்று வருடம். உபாகமம் 17-இல் ராஜா குதிரைகளைப் பெருக்கக்கூடாது, மனைவிகளைப் பெருக்கக்கூடாது, வெள்ளியும் பொன்னும் மிகுதியாகச் சேர்க்கக்கூடாது என்று இருக்கிறது. மூன்றையும் அவர் செய்தார். அந்தப் பகுதி முடிகிற இடத்தில் காரணமும் இருக்கிறது: அவன் இருதயம் தன் சகோதரர் பேரில் மேட்டிமை கொள்ளக்கூடாது. ஞானி என்று பெயர் வாங்கியவரும் கேட்பதை நிறுத்திவிட முடியும் என்பதைப் பத்து வயதுப் பிள்ளை புரிந்துகொள்ளும் என்று நம்புகிறேன். சாலொமோனை வெறுக்க வைக்கும் எண்ணம் எனக்கு இல்லவே இல்லை.

#7 · நகரி தறிக்காரர்

நமஸ்காரம் அக்கா. நாங்க ஆந்திராப் பக்கம், நகரி. விசைத்தறி ஊர். தெலுங்கு மீடியம் பிள்ளைகளுக்குத் தமிழில் வேதபாடம் எடுக்கிறோம், உங்கள் கஷ்டம் எங்களுக்கும் உண்டு.

நெகேமியா 5-ஐ விட்டுவிடாதீர்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கமான அதிகாரம் எதுவும் இல்லை. எருசலேம் மதில் கட்டுகிற வேலை நடுவில் ஜனங்கள் அதிபதி நெகேமியாவிடம் வந்து அழுகிறார்கள். நிலத்தையும் திராட்சத்தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்துத்தான் தானியம் வாங்கினோம், ராஜாவின் வரி கட்டக் கடன் வாங்கினோம், குமாரரையும் குமாரத்திகளையும் அடிமையாக விட வேண்டியதாகிவிட்டது என்கிறார்கள். கடன் கொடுத்தவர்கள் வெளியூர்க்காரர்கள் இல்லை, சொந்த ஜனங்கள்தான். முன்பணம் வாங்கிய வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இதை வாசிக்கும்போது முகம் மாறிவிடும்.

நெகேமியா செய்ததைப் பாருங்கள். கேட்டதும் கோபம் வந்தது, ஆனால் உடனே கத்தவில்லை, மனதுக்குள் யோசித்தார். பிறகு பிரபுக்களைக் கூட்டிவைத்து முகத்துக்கு நேராகக் கேட்டார். நிலத்தைத் திருப்பிக் கொடுங்கள், வட்டியாக வாங்கிய நூற்றுக்கு ஒன்றையும் திருப்பிக் கொடுங்கள் என்றார். ஆசாரியரை அழைத்து ஆணையிட வைத்தார். கூடவே தானும் தன் ஆட்களும் கடன் கொடுத்திருப்பதைச் சொல்லி, "நாமும் இந்த வட்டியை விட்டுவிடுவோம்" என்றார். எனக்குப் பிடித்தது அந்தச் சொல். தன்னைச் சேர்த்துப் பேசினார்.

வகுப்பில் ஒரு கணக்கு போடுவோம். 1 இராஜாக்கள் 4-இல் சாலொமோனின் ஒரு நாள் சாப்பாடு: கொழுத்த மாடு 10, மேய்ச்சல் மாடு 20, ஆடு 100, மான்களும் பறவைகளும் தனி. நெகேமியாவின் பந்தியில் 150 பேருக்கு மேல் சாப்பிட்டார்கள். ஒரு மாடு, ஆறு ஆடு, கொஞ்சம் கோழி. அதிபதிக்கு உரிய படியைப் பன்னிரண்டு வருடமும் அவர் வாங்கவில்லை. முன்னே இருந்த அதிபதிகள் அப்பத்தோடும் திராட்சரசத்தோடும் 40 சேக்கல் வெள்ளியும் ஜனங்களிடம் வாங்கினார்கள். காரணம் அவரே சொல்கிறார்: ஜனங்கள் மேல் வேலைப் பாரம் அதிகமாயிருந்தது. சாலொமோனின் அரண்மனை பெரியது, இரண்டும் ஒரே அளவுகோல் இல்லை என்பதையும் சொல்லிவிடுவோம். ஆனாலும் பலகையில் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் பிள்ளைகள் விலை போட்டுப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

#8 · விளவங்கோடு வக்கீல்

பெண்பிள்ளைகளுக்காக ஒரு கதை சேர்க்கச் சொல்கிறேன். நியாயாதிபதி தெபொராளை எல்லாரும் எடுப்பார்கள், எடுக்கட்டும். எண்ணாகமம் 27-ஐ யாரும் எடுப்பதில்லை. செலொப்பியாத்துக்குக் குமாரர் இல்லை, ஐந்து குமாரத்திகள்: மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். மோசேக்கும் ஆசாரியனுக்கும் பிரபுக்களுக்கும் சபை அனைத்துக்கும் முன்பாக வந்து நின்று, "மகன் இல்லை என்பதற்காக எங்கள் தகப்பன் பேர் ஏன் அற்றுப்போக வேண்டும்? எங்களுக்கும் காணி கொடும்" என்று கேட்டார்கள்.

மோசே, சட்டம் இப்படித்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டிருக்கலாம். அனுப்பவில்லை. அவர்கள் நியாயத்தைக் கர்த்தரிடம் கொண்டுபோனார். அவர்கள் சொல்வது சரி என்று பதில் வந்தது, சட்டமே புதிதாக வந்தது. ஞானமுள்ள தலைமை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சீனாய் மலை இல்லை, இந்த இடம்.

நம் ஊரோடு சேர்த்துச் சொல்ல இடமிருக்கிறது. 1916-ஆம் வருடத் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி, உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் மகளுக்குக் கிடைத்தது மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. கோட்டயத்து மேரி ராய் வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் இனிச் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. 1956 நவம்பர் 1 வரை விளவங்கோடும் பாறசாலையும் ஒரே திருவிதாங்கூர், திரு-கொச்சி மண். இன்றைக்கும் பாகப்பத்திரம் எழுதும்போது அக்கா தங்கைகளிடம், பங்கு வேண்டாம் என்று எழுதும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிற வீடுகளை என் மேஜைக்கு முன்னால் பார்க்கிறேன். அவர்களும் ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறவர்கள். எண்ணாகமம் 27-ஐப் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லட்டும்.

#9 · நெய்யாற்றின்கரை அப்பா

எல்லாம் நல்ல விஷயம், ஆனால் என் மகன் வயதுப் பையன்கள் அரைமணி நேரம் உட்கார்ந்து ராஜாக்கள் பெயர் கேட்க மாட்டார்கள். நடித்துக் காட்டச் சொல்லுங்கள். அதிலும் ஒரே நாளில் முடிக்காதீர்கள்.

ரெகொபெயாம் "மூன்று நாள் கழித்து வாருங்கள்" என்றான் அல்லவா? முதல் நாள் வகுப்பிலேயே பிள்ளைகளை ஜனங்களாக நிறுத்தி, அவர்களே ஒரு கோரிக்கை எழுதி, ராஜாவாக நிற்கிற பையனிடம் கொடுக்கட்டும். ராஜா பதில் சொல்லக்கூடாது. அவன் முதியவர் குழுவிடமும் நண்பர் குழுவிடமும் போய்ப் பேசட்டும். மற்ற பாடங்கள் நடந்துகொண்டே இருக்கட்டும். பதில் நான்காம் நாள்தான். காத்திருந்து கேட்டால்தான் அந்தப் பதில் உறைக்கும். "என் சுண்டுவிரல் என் தகப்பனார் இடுப்பைவிடப் பருமன், அவர் சவுக்கினால் தண்டித்தார், நான் தேள்களினால் தண்டிப்பேன்" என்பதை மூன்று நாள் காத்திருந்த பிள்ளை கேட்கும்போது எப்படி இருக்கும்!

ராஜாவாக நிற்கிற பையனுக்கு வசனத்தில் உள்ள பதிலைத்தான் சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்த வேண்டாம் என்பது என் யோசனை. அவன் என்ன பதில் சொல்கிறான் என்று பார்த்துவிட்டு, பிறகு வேதாகமத்தைத் திறங்கள்.

#10 · மூணாறு கொழுந்து

இது அருமை அண்ணா, நானும் செய்யப்போகிறேன். நண்பர் குழுவில் நன்றாகப் பேசுகிற பிள்ளைகளைப் போடுங்கள். அவர்கள் ராஜாவைப் புகழ்ந்துகொண்டே இருக்கட்டும். "ஜனங்கள் பக்கம் சாய்ந்தால் நீ பலவீனன் என்று நினைப்பார்கள்" என்று சொல்லட்டும். கெட்ட ஆலோசனை கெட்ட முகத்தோடு வருவதில்லை என்பது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். அவர்கள் அவனுடைய சிநேகிதர்கள், அவன் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். 15-ஆம் வசனத்தில், இது கர்த்தரால் நடந்தது என்று இருக்கிறதே. "அப்போ ரெகொபெயாம் மேல தப்பில்லையே" என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?

#11 · மார்த்தாண்டம் வாத்தியார்

மகளே, அதற்கு யோசேப்பு கதைக்குப் போ. "நீங்கள் எனக்குத் தீமை செய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்" என்று அவன் சகோதரரிடம் சொல்கிறான். விற்றவர்கள் விற்றவர்கள்தான், அதனால் பழி போகவில்லை. அகியா தீர்க்கதரிசி புதுச் சால்வையைப் பன்னிரண்டு துண்டாகக் கிழித்து, பத்துக் கோத்திரம் உனக்கு என்று பத்தை யெரொபெயாமுக்குக் கொடுத்தது சாலொமோன் உயிரோடு இருக்கும்போதே. தேவன் முன்னமே சொன்னார் என்பதற்காக ராஜா தேளைப் பற்றிப் பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு போதும்.

கதையை ராஜ்யம் பிரிந்ததோடு நிறுத்திவிடாதீர்கள். 14-ஆம் அதிகாரத்தில் எகிப்தின் ராஜா சீஷாக் ஐந்தாம் வருடம் எருசலேமுக்கு வந்து, சாலொமோன் செய்த பொன் கேடகங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போகிறான். ரெகொபெயாம் என்ன செய்தான்? வெண்கலத்தில் கேடகம் செய்து காவலரிடம் கொடுத்தான். ராஜா ஆலயத்துக்குப் போகும்போதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு போவார்கள், பிறகு அறையில் கொண்டுவந்து வைப்பார்கள். மகிமை போன பிறகும் ஊர்வலம் நின்றுவிடவில்லை. எகிப்தில் கர்னாக் கோயில் சுவரில் முதலாம் ஷெஷோங்க் என்ற ராஜா தான் வென்ற ஊர்களின் பட்டியலைச் செதுக்கி வைத்திருக்கிறான். அவன்தான் சீஷாக் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. படம் கிடைத்தால் காட்டுங்கள், பையன்களுக்குப் பிடிக்கும்.

#12 · கொழிஞ்சாம்பாறை மறைக்கல்வி

யெரொபெயாமையும் விட்டுவிட வேண்டாம். ஜனங்களின் குரலாக வந்தவன்தான், பத்துக் கோத்திரம் கையில் வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. ஜனங்கள் எருசலேமுக்குப் பலியிடப் போனால் மனம் மாறிவிடுவார்களே என்று பெத்தேலிலும் தாணிலும் பொன் கன்றுக்குட்டி வைத்தான். "நீங்கள் எருசலேமுக்குப் போவது வருத்தம்" என்று ஜனங்களுக்கு நல்லது செய்கிறவன் போலப் பேசினான். ஒருவன் ஆணவத்தால் கெட்டான், மற்றவன் பயத்தால் கெட்டான். நல்லவன் ஒருவன், கெட்டவன் ஒருவன் என்று பிள்ளைகள் பிரித்து வைத்திருப்பதை இந்தக் கதை தானே கலைத்துவிடும்.

நாங்கள் இந்த வரிசையை, இயேசு சீஷரின் பாதம் கழுவிய யோவான் 13-இல் முடிப்போம். பெரிய வியாழன் அன்று பாதம் கழுவும் சடங்கைப் பிள்ளைகள் வருடா வருடம் பார்க்கிறார்கள். 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் பெண்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதியை மாற்றினார். சீகேம் முதியவர்கள் ராஜாவிடம் கேட்டதை ஆண்டவர் தாமே செய்து காட்டினார் என்று சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

#13 · பாறசாலை டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. கிட்டத்தட்ட வடிவம் வந்துவிட்டது. முதல் நாள் சாலொமோனும் இரண்டு தாய்மாரும், கூடவே ஜனங்களின் கோரிக்கை. அன்றைக்கே லெபனோன் காட்டுக் கணக்கும் வாத்தியார் ஐயா சொன்ன ஊழியமும். இரண்டாம் நாள் செலொப்பியாத்தின் குமாரத்திகள். மூன்றாம் நாள் நெகேமியா, பலகையில் இரண்டு பந்திப் பட்டியலோடு. நான்காம் நாள் ராஜாவின் பதில், அதிகாரி அதோராமின் முடிவு, வெண்கலக் கேடகம், யெரொபெயாம். வேலைநிறுத்தத்தை நான் எடுக்கவில்லை. மூணாறு தங்கச்சி அவள் சபையை அறிந்தவள், அங்கே அது சரியாக இருக்கும். இங்கே ஊழியமே போதும்.

ஐந்தாம் நாள் யோவான் 13-க்கு முன்னால் நியாயாதிபதிகள் 9-இல் வரும் யோதாமின் மரக்கதையையும் வைக்க ஆசை. காரணம் இடம்தான். அபிமெலேக்கு தன் சகோதரர் எழுபது பேரைக் கொன்று ராஜாவானதும் சீகேமில். தப்பிப் பிழைத்த தம்பி யோதாம் கெரிசீம் மலையில் நின்று சத்தம் போட்டுச் சொன்னதும் அந்தச் சீகேமைப் பார்த்துத்தான். மரங்கள் தங்களுக்கு ஒரு ராஜாவைத் தேடின: ஒலிவமரம் எண்ணெயை விட்டு வர மாட்டேன் என்றது, அத்திமரம் இனிப்பை விட்டு வர மாட்டேன் என்றது, திராட்சச்செடியும் மறுத்தது, கடைசியில் முட்செடி "என் நிழலில் வந்து அடையுங்கள்" என்றது. முட்செடிக்கு ஏது நிழல்! நம் பிள்ளைகளிடம் தென்னை, பலா, ரப்பர், புளி என்று அவர்கள் விளையில் நிற்கிற மரங்களைப் பேச வைத்தால் அவர்களே கதை கட்டிவிடுவார்கள். நல்ல மரங்கள் எல்லாம் "எனக்கு வேலை இருக்கிறது" என்று ஒதுங்கியதால்தான் முட்செடிக்கு இடம் கிடைத்தது என்பதையும் கேட்க வேண்டும். தேர்தல், சங்கம், சபைக் கமிட்டி எல்லாவற்றுக்கும் நம் ஊரில் இது பொருந்தும்.

ஒரே ஒரு இடம் பாக்கி. ஜனங்கள் போன பிறகு ரெகொபெயாம் அனுப்பியது அதோராமை. கட்டாய வேலைக்கு ஆள் பிடித்த அதே அதிகாரி. அவனைக் கல்லெறிந்து கொன்றுவிடுகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாமா?

#14 · நெய்யாற்றின்கரை அப்பா

சொல்லுங்கள். விட்டுவிட்டால் ஜனங்கள் செய்ததெல்லாம் சரி என்று ஆகிவிடும். கொலை கொலைதான் என்றும் சொல்லுங்கள். தன் வாயால் போய்ப் பேசியிருக்க வேண்டிய ராஜா, ஜனங்கள் அதிகம் வெறுத்த ஆளை அனுப்பிவிட்டு ரதம் ஏறி ஓடினான். செத்தது அனுப்பப்பட்டவன். பையன்கள் இதைப் பற்றித்தான் அதிக நேரம் பேசுவார்கள், நேரம் ஒதுக்கி வையுங்கள்.

#15 · மார்த்தாண்டம் வாத்தியார்

டீச்சர் அம்மா, தமிழ் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்காக ஒன்று செய்கிறேன். 1 இராஜாக்கள் 12-ஐயும் நியாயாதிபதிகள் 9-இல் மரக்கதை வரும் பகுதியையும் என் குரலில் வாசித்துப் போனில் பதிவு செய்து அனுப்புகிறேன். நெகேமியா 5-உம் வேண்டுமா?

#16 · பாறசாலை டீச்சர்

வேண்டும் ஐயா. எண்ணாகமம் 27-இன் முதல் பதினொரு வசனங்களும் வேண்டும். அந்த ஐந்து பெயர்களை மட்டும் கொஞ்சம் நிறுத்தி வாசியுங்கள், பிள்ளைகள் கூடவே சொல்லிப் பார்க்கட்டும்.

#17 · நகரி தறிக்காரர்

ஐயா, அந்தப் பதிவுகளை எங்களுக்கும் அனுப்ப முடியுமா? எங்களுக்கு வேதாகமப் பள்ளி மே மாதம்தான். பந்திப் பட்டியலைத் தெலுங்கு எழுத்திலும் எழுதி இங்கே போட்டுவிடுகிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.